நான் தொடவே இல்லை என்று சொன்ன போல்ட்

நான்கு வருடங்களுக்கு முன் ஒரு ஆவணி மாதத்துச் சனிக்கிழமை, உத்தமபாளையத்தில் பைபாஸ் ஓரம் இருந்த ஒரு சின்ன பைக் பட்டறையில் நடந்தது இது. அன்று நான் சொன்னது மூன்றே வார்த்தை. அதற்காக இன்று வரை வருத்தப்பட்டுக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு ஊர் அனுமந்தன்பட்டி. பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். பதினோரு வருடமாக ஒரே பைக்தான் வைத்திருக்கிறேன். அதற்கு எது என்றாலும் அந்தப் பட்டறைக்குத்தான் போவேன். இரண்டு பேர் சேர்ந்து நடத்தினார்கள். மூத்தவருக்கு நாற்பது வயதிருக்கும். இளையவர் அவருடைய தங்கையைக் கட்டியவர், முப்பதைத் தாண்டியிருக்க மாட்டார். மச்சான், மாப்ளே என்று கூப்பிட்டுக்கொண்டு ஒரே டிபன் கேரியரைப் பிரித்து இருவரும் சாப்பிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மூத்தவர் வருகிறவர்களோடு பேசிக்கொண்டே வேலை பார்ப்பார். இளையவர் குனிந்த தலை நிமிர மாட்டார்.

அந்த வாரம் வியாழக்கிழமை கிளட்ச் பிளேட் மாற்றினார்கள். அதற்கு எஞ்சினின் வலப்பக்க மூடியைக் கழற்ற வேண்டும். எட்டுப் பத்து சின்ன போல்ட்டுகள். இளையவர் மூடியைத் திரும்ப மாட்டும்போது நான் சும்மா இருக்கவில்லை. வாத்தியார் புத்தி. ஸ்பேனரின் கைப்பிடி நீளம் கூடக் கூட திருப்புகிற விசை எப்படிக் கூடும், சின்ன போல்ட்டில் அளவுக்கு மீறி முறுக்கினால் அது எந்த இடத்தில் முறியும் என்று பத்து நிமிடம் பாடமே எடுத்துவிட்டேன். மூத்தவர் வாய் பிளந்து கேட்டார். இளையவர் "சரிங்க சார்" என்று சிரித்துக்கொண்டே, டி ஸ்பேனரால் ஒவ்வொரு போல்ட்டையும் மாற்றி மாற்றி, அவசரமே இல்லாமல் முடுக்கினார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளியிலிருந்து வந்து வண்டியை நிறுத்திய இடத்தில், தரையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஆயில். குனிந்து பார்த்தால், அந்த மூடியின் கீழ்ப்பக்க போல்ட் ஒன்றைச் சுற்றி ஈரம் கசிந்திருந்தது. காலையில் பட்டறைக்குக் கொண்டு போங்கள் என்றாள் என் மனைவி. ஒரு போல்ட்டை முடுக்குவதற்கு ஐந்து கிலோமீட்டர் போக வேண்டுமா என்று எனக்குத் தோன்றியது. வீட்டில் தண்ணீர்க் குழாய் ரிப்பேருக்கு வைத்திருந்த, வாயைத் திருகிப் பெரிதாக்குகிற ஸ்க்ரூ ஸ்பேனரை எடுத்தேன். அது வழுக்கி வழுக்கி வந்தது. இறுக்கிப் பிடித்து ஒரு சுற்று கொடுத்தேன். துடைத்துவிட்டுப் பார்த்தால் மறுபடி ஒரு சொட்டு எட்டிப் பார்த்தது. ஒரு இரும்புக் குழாய்த் துண்டை ஸ்பேனரின் கைப்பிடியில் சொருகி, இன்னும் நீளமாக்கி, இன்னொரு முறை அழுத்தினேன். முதலில் கெட்டியாக இருந்தது. பிறகு திடீரென்று இளகிற்று. "டக்" என்ற சத்தத்தோடு போல்ட் நடுவில் முறிந்து, தலைப்பக்கம் கழன்று தரையில் உருண்டது. மீதி உடம்பு எஞ்சினுக்குள்ளேயே மாட்டிக்கொண்டது.

முந்தின நாள் அவர்களுக்கு நான் எடுத்த பாடத்தை நானே நடத்திக் காட்டிவிட்டேன்!

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வண்டியை உருட்டாத குறையாக மெதுவாக ஓட்டிக்கொண்டு பட்டறைக்குப் போனேன். உண்மையைச் சொல்லிவிடத்தான் நினைத்திருந்தேன். வழியெல்லாம் அதை எப்படிச் சிரிப்பாகச் சொல்லலாம் என்றுகூட யோசித்துக்கொண்டு போனேன். ஆனால் வண்டியை நிறுத்தியதும், போல்ட்டின் தலை என் கையில் இருப்பதைப் பார்த்த மூத்தவர் பதறிப்போய் அவரே கேட்டார்.

"என்ன சார், தானா ஒடஞ்சு விழுந்துருச்சா?"

பதில் அந்தக் கேள்வியிலேயே தயாராக இருந்தது. நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அவ்வளவுதான். யோசித்து, திட்டம் போட்டுச் சொன்ன பொய் அல்ல அது. பாடம் எடுத்த வாத்தியார் என்கிற கௌரவத்தை ஒரு நிமிடம் காப்பாற்றிக்கொள்ள ஆட்டிய தலை.

மூத்தவர் உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். "மாப்ளே, இங்கன வா. சார் வண்டிக்கு மூடி மாட்டுனது நீதான? அம்புட்டுச் சொல்லியும் இறுக்கி ஒடச்சு வச்சிருக்க பாரு."

இளையவர் வந்து போல்ட்டின் தலையை வாங்கிக்கொண்டார். வேஸ்ட் துணியால் துடைத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதன் ஆறு முனைகளும் மழுங்கி, பல் பட்டதுபோல் கீறல் விழுந்திருந்தன. அதை அப்படியே கொண்டுபோய் நீட்டினால் என்ன தெரியும் என்றுகூட எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

"மச்சான், இது ஸ்க்ரூ ஸ்பேனர் போட்ட மாதிரில்ல இருக்கு. நம்மகிட்ட அது கெடையவே கெடையாதே" என்றார். பிறகு என்னைப் பார்த்து, மரியாதை குறையாமல் கேட்டார். "சார், வீட்ல யாரும் கை வச்சாகளா?"

அவர் அப்படிக் கேட்டது எனக்கு ஒரு வழி விட்டதுதான் என்று இப்போது புரிகிறது. ஆமாம் தம்பி, நான்தான் என்று சொல்லியிருந்தால் மூன்று பேரும் சிரித்திருப்போம். ஆனால் ஏற்கெனவே தலையாட்டிவிட்டேனே. "நான் தொடவே இல்லை" என்றேன்.

இளையவர் என்னையே ஒரு கணம் பார்த்தார். நான் ரோட்டில் போன ஒரு கரும்பு லாரியைப் பார்த்தேன்.

"மச்சான், ஆயில் கசிஞ்சது என் தப்புதேன். மூடிக்கு அடியில கேஸ்கட்டு மடங்கியிருக்கும், ஒத்துக்கிறேன். ஆனா போல்ட்டை நான் ஒடைக்கல."

"அப்ப சார் பொய் சொல்றாரா? பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் குடுக்குறவுகடா அவுக!"

இளையவர் வேலைக்கு உட்கார்ந்தார். வண்டியை ஒருக்களித்துச் சாய்த்து, ஆயிலை வடித்து, கிக்கரைக் கழற்றி, மூடியைத் திறந்தார். உடைந்த போல்ட் எஞ்சின் பரப்போடு பரப்பாகச் சமமாக நின்றது. பிடித்துத் திருப்ப ஒரு நூல் அளவுகூட வெளியே நீட்டிக்கொண்டிருக்கவில்லை. டீசல் ஊற்றி ஊறவிட்டார். பஞ்ச் வைத்து நடுவில் ஒரு புள்ளி தட்டி, ட்ரில்லைப் பிடித்தார். போல்ட் இரும்பு, சுற்றியிருப்பது அலுமினியம். ட்ரில் இரும்பை விட்டு மெத்தென்ற அலுமினியத்தின் பக்கமே வழுக்கிற்று. இன்னும் கொஞ்சம் விட்டால் எஞ்சினே பாழாகிவிடும் என்று நிறுத்திவிட்டார். பக்கத்து வெல்டிங் கடைக்காரரைக் கூட்டி வந்து, உடைந்த போல்ட்டின் மேல் ஒரு நட்டை வைத்துப் பற்றவைத்துத் திருப்பிப் பார்த்தார்கள். நட் மட்டும் பிய்ந்துகொண்டு வந்தது.

நான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மூத்தவர் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

பத்தரை மணி இருக்கும். இளையவரின் மனைவி வந்தாள். ஐந்து மாதக் கர்ப்பிணி. தேனியில் ஸ்கேன் எடுக்கப் போக வேண்டும், கணவரோடு போவதாக ஏற்கெனவே பேசி வைத்திருந்தார்கள் போலிருக்கிறது. கையில் ஒரு பிளாஸ்டிக் கவரில் ஆஸ்பத்திரிச் சீட்டுகளோடு வாசலிலேயே நின்றாள்.

"நேரமாச்சுங்க. பன்னெண்டு மணிக்குள்ள வந்துரணும்னு சொன்னாக" என்றாள்.

இளையவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். மூத்தவர் விடவில்லை. "கெடுத்தது நீ. எடுத்துக் குடுத்துட்டுப் போ. சாரை உக்கார வச்சுட்டு எங்க கெளம்புற?" என்றார். நான் இருக்கிறேன் என்பதற்காகவே கொஞ்சம் சத்தமாகச் சொன்னதுபோல் இருந்தது.

அந்தப் பெண் அண்ணனைப் பார்த்தாள். கணவரைப் பார்த்தாள். "அண்ணே, அவுக ஒடைக்கலைன்னு சொல்றாகளே" என்று மெல்லச் சொன்னாள். வரும் வழியில் வெல்டிங் கடைக்காரர் சொல்லியிருப்பார்.

"நீ பேசாம இரு ஆத்தா. இது தொழில் விசயம்."

இளையவர் மறுபடி வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டுத் தனியாகவே பஸ் ஏறப் போனாள். நான் எழுந்து, எனக்கு ஒன்றும் அவசரமில்லை, அவர் போய்விட்டு வரட்டும் என்றாவது சொல்லியிருக்கலாம். அந்தச் சின்ன வார்த்தைகூட என் வாயில் வரவில்லை. பேச ஆரம்பித்தால் எல்லாம் வெளியே வந்துவிடும் என்ற பயம்.

இரண்டாவது நட்டும் பிய்ந்தது. மூன்றாவது நட்டைப் பற்றவைத்த பிறகு, அது ஆறும்வரை கை வைக்கவே கூடாது என்று இளையவர் அரை மணி நேரம் காத்திருந்தார். பிறகு ஸ்பேனரைப் போட்டு, முன்னால் ஒரு இழை, பின்னால் ஒரு இழை என்று, தூங்குகிற குழந்தையை நகர்த்துவதுபோல் அசைத்தார். கிறீச்சென்று ஒரு சத்தம். போல்ட் சுற்ற ஆரம்பித்தது. மணி இரண்டைத் தாண்டியிருந்தது. வெல்டிங் சூட்டில் அவருடைய இடது மணிக்கட்டு சிவந்து கன்றியிருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

"வந்துருச்சு சார்" என்றார். அந்த இரண்டு வார்த்தையில் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது. காசு கொடுத்தபோது வாங்க மறுத்துவிட்டார்கள். அவர்கள் தப்புக்கு நான் ஏன் கொடுக்க வேண்டும் என்றார் மூத்தவர்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள், "நீங்கதேன் ஒடச்சீகன்னு சொல்லிட்டீகளா?" என்று. சொல்லிட்டேன் என்றேன்.

அதன் பிறகு அந்தப் பட்டறைப் பக்கமே போகவில்லை. அடுத்த சர்வீசைச் சின்னமனூரில் ஒரு கடையில் செய்தேன். ஏன் அங்கே போகிறீர்கள் என்று மனைவி கேட்டதற்கு, அது பள்ளிக்கு வசதி என்று ஒரு காரணம் சொன்னேன்.

ஏழெட்டு மாதம் கழித்து, அந்த வழியாக வந்தபோது பின் டயர் பஞ்சராகிவிட்டது. வேறு வழியில்லாமல் தள்ளிக்கொண்டு போனேன். மூத்தவர் மட்டும் தனியாக இருந்தார். ஆள் இளைத்திருந்தார். இளையவர் எங்கே என்று கேட்டேன்.

"அவன் போயிட்டான் சார். குமுளியத் தாண்டி கேரளாவுக்குள்ள வண்டிப்பெரியாறுல, எஸ்டேட் ஜீப்பு வேல பாக்குற பட்டறையில சேந்துட்டான். தங்கச்சியையும் கூட்டிட்டுப் போயிட்டான். பொம்பளப் பிள்ள பொறந்துருக்காம். எனக்குத் தாக்கல்கூடச் சொல்லி விடல, ஊர்க்காரங்க சொல்லித்தேன் தெரியும்."

நான் ஒன்றும் கேட்காமலே அவர் தொடர்ந்தார். "அன்னைக்கு உங்க வண்டியில ஆரம்பிச்சது சார். தப்புப் பண்ணா ஒத்துக்கிட்டுப் போக வேண்டியதுதான? கடைசி வர ஒத்துக்கவே மாட்டேன்னுட்டான். என்னைய நம்பாத எடத்துல நிக்க மாட்டேன்னான். போடான்னுட்டேன்."

அந்த நிமிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவர்களுக்குள் வேறு காரணங்களும் இருந்திருக்கும், ஒரு போல்ட்டுக்காகவா குடும்பம் பிரியும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, பஞ்சர் ஒட்டியதும் கிளம்பிவிட்டேன். அவர் அன்றும் டீ வாங்கிக் கொடுத்தார். அதையும் குடித்தேன்.

அதற்குப் பிறகு ஒரு வருடம் ஓடிவிட்டது. ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில், எங்கள் மாதா கோயிலில் சாமியாரிடம் பாவங்களை ஒப்புக்கொள்கிற பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். வழக்கமாகக் கோபப்பட்டேன், பொறாமைப்பட்டேன் என்று சொல்லிவிட்டு வருகிறவன், அன்று எப்படியோ இதையும் சொல்லிவிட்டேன். சாமியார் என்னைவிட வயதில் சின்னவர், புதிதாக மாற்றலாகி வந்தவர். அமைதியாகக் கேட்டுவிட்டு, "இங்க சொன்னது சரி. அவுக ரெண்டு பேர்கிட்டயும் எப்பச் சொல்லப் போறீங்க?" என்றார்.

வீட்டுக்குப் போகாமல், அங்கிருந்து நேராகப் பட்டறைக்குப் போனேன். மூத்தவர் ஒரு வண்டியின் செயினை மாட்டிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்க்ரூ ஸ்பேனர், இரும்புக் குழாய், தலையாட்டியது, தொடவே இல்லை என்றது, எல்லாம். அவர் செயினை விட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். திட்டுவார், அடித்தாலும் அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். கையில் இருந்த கிரீஸை மட்டும் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா நான் சிரிச்சிருப்பேன் சார்" என்றார். "போன மாசம் பிள்ளைக்குக் காது குத்துனாக. அவுக கொலசாமி கோயில்ல. தாய்மாமன் நான் இங்கன உசுரோட இருக்க, வேற எவனோ ஒருத்தன் மடியில வச்சுக் குத்துனாக. போன மாசம் நீங்க வந்து சொல்லியிருந்தாக்கூட அந்த மடி என் மடியா இருந்திருக்கும் சார்."

தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்துவது என்றால் எங்கள் பக்கம் என்ன என்று தெரிந்தவர்களுக்கு, நான் அங்கே எப்படி நின்றிருப்பேன் என்றும் தெரியும். மன்னித்துவிடுங்கள் என்றேன். அவர் கேட்டதாகத் தெரியவில்லை. அவனிடமும் போய்ச் சொல்லுங்கள் என்று மட்டும் சொன்னார். நீங்களே போன் செய்யலாமே என்று நான் சொன்னதற்கு, "எந்த மொகத்த வச்சுக்கிட்டு?" என்று கேட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அதே வண்டியில் மலை ஏறினேன். தனியாகப் போக வேண்டாம் என்று மனைவியும் பின்னால் உட்கார்ந்துகொண்டாள். அவளிடமும் அதற்கு முந்தின நாள்தான் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். வழக்கமாக என் தோளைப் பிடித்துக்கொள்கிறவள், அன்று பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

வண்டிப்பெரியாறில் தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு வரிசை வீட்டில் அவர்கள் இருந்தார்கள். என்னைப் பார்த்ததும் இளையவர் திகைத்துப்போனார். ஆனாலும் "வாங்க சார்" என்று உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். உட்காராமலே சொன்னேன். அவருடைய மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்படி வாசலில் நின்று கேட்டாள். குழந்தையின் காதில் புதுத் தோடு இருந்தது.

"எனக்கு அன்னைக்கே தெரியும் சார்" என்றார் இளையவர். "போல்ட்டப் பாத்தாலே தெரிஞ்சு போச்சு. உங்க மேல எனக்குக் கோவம் இல்ல. நீங்க வெளியாளு. பயந்து ஒரு வார்த்த சொல்லிட்டீக. ஏழு வருசம் கூடவே நின்ன மச்சான், என் கை வேலையத் தெரிஞ்ச மனுசன், ஒரு நிமிசம் என்னைய நம்பலையே. அதுதேன் சார்."

அவருடைய மனைவி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அன்னைக்கு நான் தனியா பஸ்ஸுக்குப் போனப்ப, நீங்க அங்கனதான உக்காந்திருந்தீக?"

ஆமாம் என்றேன். அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். என் மனைவி அவள் பின்னாலேயே போனாள். இரண்டு பேரும் உள்ளே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது, இன்று வரை நான் கேட்கவும் இல்லை. கிளம்பும்போது பால் விடாத கட்டன் சாயா கொடுத்தார்கள்.

அதற்கு இரண்டு வாரம் கழித்து மூத்தவர், குழந்தைக்குக் கவுனும் கொலுசும் வாங்கிக்கொண்டு மலை ஏறிப் போய்வந்தார். இப்போது பேசிக்கொள்கிறார்கள். திருவிழாவுக்கு வருகிறார்கள், ஒரு வேளை சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். ஆனால் இளையவர் பட்டறைக்குத் திரும்பவில்லை. அங்கேயே தனியாகக் கடை போடப் போவதாகக் கேள்விப்பட்டேன். உத்தமபாளையத்தில் மூத்தவர் இன்னும் ஒற்றை ஆளாகத்தான் வேலை பார்க்கிறார். நான் மறுபடி அங்கேதான் வண்டியை விடுகிறேன். நன்றாகவே பேசுகிறார். ஆனால் வண்டிக்கு என்ன ஆயிற்று என்று நான் சொன்னால், முன்போல அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. தலையை ஆட்டிவிட்டு, குனிந்து தானே ஒருமுறை பார்த்துக்கொள்கிறார். அதில் எனக்கு வருத்தப்பட உரிமை இல்லை.

நண்பர்களிடம் இதைச் சொன்னால், கடைசியிலாவது போய்ச் சொன்னீர்களே, அதுவே பெரிது என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றுவதில்லை. சொல்லியிருந்தால் அவர்களுக்கு உதவியிருக்கும் என்ற நேரத்திலெல்லாம் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு, இனிமேல் என்னால் தாங்க முடியாது என்று ஆன பிறகு போய்ச் சொன்ன அந்த உண்மை, அவர்களுக்காகச் சொன்னதா, எனக்காகச் சொன்னதா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.